ஒரு பார்சலில் மிச்சம் எவ்வளவு?

செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு இந்த வட்டாரம் எப்படி மாறிவிட்டது என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரனோடை, ஜனப்பன்சத்திரம், பஞ்செட்டி, புதுவாயல், கவரைப்பேட்டை எனக் கும்மிடிப்பூண்டி வரைக்கும், நெல் விளைந்த நிலங்களிலும் செங்கல் சூளைகள் புகைந்த இடங்களிலும் ஏக்கர் கணக்கில் கூரை போட்ட கிடங்குகள் எழுந்திருக்கின்றன. திருவள்ளூருக்குத் தெற்கே மப்பேட்டில் பெரிய சரக்குப் போக்குவரத்துப் பூங்காவுக்கு 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். செல்போனில் ஆர்டர் போட்ட புடவையும் குக்கரும் குழந்தையின் ஷூவும் இந்தக் கிடங்குகளிலிருந்து ராத்திரி பகலாக லாரி ஏறுகின்றன. தினமும் அந்த ஓட்டத்தைப் பார்க்கிற ஒருவர், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் தொழிலாளியானாலும் சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறவரானாலும், அப்படிப்பட்ட ஓர் இணைய நிறுவனத்தின் பங்கு சந்தைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், இவ்வளவு சரக்கு போகிற கம்பெனி எப்படி நஷ்டப்படும் என்று நினைப்பது இயல்பு. 2020 மார்ச்சில் நாட்டில் ஏறக்குறைய 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2025-இல் 20 கோடியைத் தாண்டிவிட்டன. யு.பி.ஐ. வழியாக ஐந்தே நிமிடத்தில் ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பம் போட்டுவிடலாம். ஆகவே அந்த நினைப்பு பணமாக மாற அதிக நேரம் ஆவதில்லை.

ஆனால் சாலையில் நம் கண்ணுக்குத் தெரிவது முழுக்க அந்த நிறுவனத்தின் செலவு. கிடங்கின் வாடகை, லாரியின் டீசல், ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு அலமாரி அலமாரியாக நடக்கும் பிள்ளைகளின் சம்பளம், பைக்கில் பெட்டியை மாட்டிக்கொண்டு போகிறவரின் கூலி: இவையெல்லாம் வெளியே போகிற பணம். உள்ளே வருகிற பணம் எவ்வளவு, அதில் மிஞ்சுவது எவ்வளவு என்பது கிடங்கின் பரப்பளவிலோ வேன்களின் எண்ணிக்கையிலோ இல்லை. புதிதாகப் பட்டியலாகும் ஓர் இணைய நிறுவனத்தில் பணம் போடலாமா என்று முடிவெடுக்க ஒரே ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாச் செலவும் போக ஓர் ஆர்டரில் என்ன மிஞ்சுகிறது? அதற்கு விடை கிடைத்த பிறகுதான் வளர்ச்சி, சந்தைப் பங்கு, எதிர்காலம் பற்றிய பேச்சுக்கெல்லாம் பொருள் உண்டு. அந்த விடை தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் பட்டியலான பிறகுதான் என்பதால், பட்டியலாகும் நாளில் அவசரப்பட வேண்டிய தேவை சிறு முதலீட்டாளருக்குக் கிடையாது.

ஒரு பார்சலையே எடுத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். 400 ரூபாய் குர்த்தி ஒன்று விற்றால், கமிஷன், அனுப்பும் கட்டணம், விற்பவர் தரும் விளம்பரப் பணம் எல்லாம் சேர்த்து தளத்துக்கு 70 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்து, பேக் செய்து, லாரி ஏற்றி, ஊர் பிரித்து, வீட்டு வாசலில் கொடுத்து, காசு வாங்கி வர 60 ரூபாய் ஆகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பார்சலுக்குப் பத்து ரூபாய் லாபம். ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் நூற்றுக்கு இருபது பேர் ‘வேண்டாம்’ என்று கதவைச் சாத்திவிட்டால், அந்த இருபதும் திரும்பி வரத் தலைக்கு இன்னொரு 35 ரூபாய் செலவு; வரவு சைபர். நூறு பார்சலுக்கு வரவு 5,600, செலவு 6,700. ஆக 1,100 ரூபாய் நஷ்டம். நூறு பார்சல் பத்தாயிரம் பார்சலாக வளர்ந்தால் நஷ்டமும் 1,10,000 ரூபாயாக வளரும். திரும்பி வருவது இருபதிலிருந்து பத்தாகக் குறைந்தால் கிட்டத்தட்டக் கணக்கு நேராகிவிடும். அல்லது விளம்பர வருமானம் கூடி 70 ரூபாய் 85 ரூபாயானால் மிச்சம் பிடிக்கத் தொடங்கும். சாலையில் ஓடும் வேன்களின் எண்ணிக்கை மூன்று நிலையிலும் ஒன்றேதான். பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு டன் ஸ்கிராப்பை உருக்க ஐநூறு, அறுநூறு யூனிட் கரண்ட் போகிறது. ஸ்கிராப் என்ன விலை, உருகும்போது எத்தனை சதவீதம் கழிகிறது, மின்வாரியத்தின் கட்டணம் என்ன, பில்லெட் இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, டன்னுக்கு மிச்சம் வரவில்லை என்றால் முதலாளி ஒரு ஷிஃப்டை நிறுத்துவார். இன்னும் இரண்டு உலை போட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டார். டன்னுக்கு மிச்சம் இருக்கிறது என்று உறுதியானால்தான் அதிக டன் ஓட்டுவதில் அர்த்தம் உண்டு. அப்போதுதான் வாடகை, வட்டி, அலுவலகச் சம்பளம் போன்ற நிலையான செலவுகள் அதிக டன்னில் பரவி லாபம் பெருகும். இணைய நிறுவனத்துக்கும் சட்டம் இதேதான். தொழில்நுட்பம் என்ற சொல் வந்துவிட்டால் மட்டும் இந்தக் கூட்டல் கழித்தல் எப்படியோ தளர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. வெப்வான் என்ற நிறுவனம் மளிகைச் சாமான்களை இணையம் வழி வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகத் தொடங்கி, 1999 நவம்பரில் பங்கு ஒன்று 15 டாலருக்குப் பட்டியலானது. நாடெங்கும் பிரம்மாண்டமான தானியங்கிக் கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், சேவை பலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கிடங்குகளைத் தாங்குகிற அளவுக்கு ஆர்டரில் மிச்சம் வரவேயில்லை. 2001 ஜூலையில் திவால். நம் சென்னையிலும் அதே காலத்தின் சூட்டை உணர்ந்தவர்கள் உண்டு. சத்யம் இன்ஃபோவே என்ற பெயரில் இயங்கிய இன்றைய சிஃபி, 1999 அக்டோபரில் 18 டாலருக்கு நாஸ்டாக்கில் பட்டியலான முதல் இந்திய இணைய நிறுவனம். சில மாதங்களில் விலை நூற்றுக்கணக்கான டாலருக்கு எகிறியது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவேர்ல்ட் என்ற இணையதளக் குழுமத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. 2001-இல் அந்தப் பங்கு ஓரிரண்டு டாலருக்கு இறங்கியது. நிறுவனம் அழியவில்லை, இன்றும் தரவு மையங்கள் நடத்துகிறது. உச்சத்தில் வாங்கியவரின் பணம்தான் திரும்பவில்லை. நல்ல நிறுவனம் என்பது வேறு, நல்ல முதலீடு என்பது வேறு என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஓர் ஆர்டரின் கணக்கு வெளியாருக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்கலாம். ஓரளவு கிடைக்கிறது. சொமேட்டோ 2021-இல் ஐ.பி.ஓ.வுக்கு வந்தபோது அதன் ப்ராஸ்பெக்டஸிலேயே இது இருந்தது. 2020 மார்ச்சில் முடிந்த ஆண்டில் ஓர் ஆர்டருக்குச் சுமார் 30 ரூபாய் கையைக் கடித்தது. அடுத்த ஆண்டில் அதே ஆர்டரில் சுமார் 20 ரூபாய் மிஞ்சியது. ஊரடங்கில் சலுகைகளைக் குறைத்ததும், ஆர்டரின் சராசரி மதிப்பு உயர்ந்ததும், டெலிவரிச் செலவு இறங்கியதும் சேர்ந்து செய்த மாற்றம் அது. நிறுவனம் மொத்தத்தில் அந்த ஆண்டு 816 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. ஆனால் ஆர்டர் அளவில் குறி மாறிவிட்டிருந்தது. இந்த ஒரு வரிதான் அந்த ஆவணத்திலேயே அதிக மதிப்புள்ள தகவல் என்று சொல்லுவேன். 800 கோடி நஷ்டம் என்று பயந்து ஒதுங்கியவர்களும், கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் என்று மயங்கி வாங்கியவர்களும் அதைப் பார்க்கவில்லை.

பேடிஎம் விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி. அதன் தாய் நிறுவனமான ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் 2021 நவம்பரில் பங்கு ஒன்று 2,150 ரூபாய்க்கு 18,300 கோடி திரட்டியது. அன்றைக்கு இந்தியாவின் மிகப் பெரிய ஐ.பி.ஓ. அதுதான். டீக்கடை முதல் மீன் மார்க்கெட் வரை அதன் க்யூ.ஆர். அட்டை தொங்கியது, ‘பேடிஎம் பண்ணுங்க’ என்பது மக்கள் வாயில் புழங்கும் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அரசின் விதி. எவ்வளவு பரிவர்த்தனை நடந்தாலும் அதிலிருந்து நேரடி வருமானம் சைபரைச் சுற்றியே நின்றது. கண்ணுக்குத் தெரிந்த புழக்கத்துக்கும் கைக்கு வந்த வருமானத்துக்கும் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு எங்கும் அமையவில்லை. பட்டியலான முதல் நாளே 27 சதவீதம் சரிந்து 1,564 ரூபாயில் முடிந்தது. பிறகு 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி கடும் கட்டுப்பாடு விதித்ததும் மே மாதத்தில் 310 ரூபாய் வரை இறங்கியது. 2025-இல் நிறுவனம் லாபப் பாதைக்கு வந்து பங்கு ஆயிரத்தைத் தாண்டி மீண்டது. வெளியீட்டு விலையை அந்த ஆண்டும் அது எட்டவில்லை.

ஆர்டர் கணக்கைப் பார்க்கும்போது ஒரு செலவை நிறுவனங்கள் ஓரமாகத் தள்ளி வைக்கப் பார்க்கும். ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு தரும் பங்குகள்தான் அது. 2022 டிசம்பர் காலாண்டில் பேடிஎம், ஊழியர் பங்குச் செலவுக்கு முந்தைய இயக்க லாபம் 31 கோடி என்று அறிவித்தது. அதே காலாண்டின் நிகர நஷ்டம் 392 கோடி. இரண்டுமே உண்மையான எண்கள்தாம். ஆனால் ஊழியருக்குக் கொடுத்த பங்கு ஆகாயத்திலிருந்து வரவில்லை. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவரின் பாகத்திலிருந்து கிள்ளி எடுத்தது. பணமாகப் போகாத செலவு, செலவே இல்லை என்று சொல்கிற எந்தக் கணக்கையும் முதலீட்டாளர் ஏற்கக் கூடாது. ‘அட்ஜஸ்டட்’ என்ற சொல் எங்கே வந்தாலும், எதைக் கழித்துவிட்டு அட்ஜஸ்ட் செய்தார்கள் என்று அடிக்குறிப்பில் தேட வேண்டும்.

ஆர்டரில் மிச்சம் உண்டு, நிறுவனம் லாபத்தில் இருக்கிறது, ஏமாற்று எதுவும் இல்லை, அப்போதும் வாங்கிவிடலாமா? இங்கேதான் விலை வருகிறது. சென்னையின் மேட்ரிமோனி டாட்காம் 2017 செப்டம்பரில் பட்டியலானது. பாரத் மேட்ரிமோனியை அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு. சரக்கு கிடையாது, கிடங்கு கிடையாது, பார்சல் திரும்பி வருவது கிடையாது. வாடிக்கையாளர் முன்பணமாகக் கட்டுகிறார். இணையத் தொழிலில் இதைவிட எளிய கணக்கு அமைவது அரிது. வெளியீட்டு விலை 985 ரூபாய். அந்த விலையில் முழு நிறுவனத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி. 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டில் வருவாய் சுமார் 335 கோடியாக இருந்தது. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சுமார் 480 கோடி. ஆறு ஆண்டில் கூடியது நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல், ஆண்டுக்கு ஆறு சதவீதம்தான். அந்த ஆண்டின் லாபம் 50 கோடியை ஒட்டி இருந்தது. அதாவது ஆறு ஆண்டு கழித்து வந்த லாபத்தை வைத்துப் பார்த்தாலும், 2017-இல் கேட்கப்பட்ட விலை அதன் 45 மடங்கு. 2025-இல் அந்தப் பங்கு 500, 600 ரூபாய் அளவில்தான் நடமாடியது. நிறுவனம் செய்த தவறு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நேர்மையாக லாபம் ஈட்டி, இடையிடையே சந்தை விலையைவிட அதிகம் கொடுத்துப் பங்குகளைத் திரும்பவும் வாங்கியிருக்கிறது. அதன் தொழில் வளரக்கூடிய வேகத்துக்கு மீறிய வளர்ச்சியை அன்றைய விலை முன்கூட்டியே விற்றுவிட்டது, அவ்வளவுதான்.

அழகுப் பொருட்களை இணையத்தில் விற்கும் நைகாவின் கதையில் இது இன்னும் பெரிய எண்களில் நடந்தது. 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 62 கோடி ரூபாய் லாபம் காட்டிய நிறுவனம், அதே ஆண்டு நவம்பர் 10 அன்று பட்டியலானபோது ஒரு லட்சம் கோடி ரூபாய் மதிப்பைத் தாண்டியது. லாபத்தைப் போல ஆயிரத்து அறுநூறு மடங்கு. 1,125 ரூபாய்ப் பங்கு முதல் நாள் 2,200 ரூபாயை ஒட்டி முடிந்தது. பின்னால் ஒன்றுக்கு ஐந்து போனஸ் வந்ததைச் சரிக்கட்டிப் பார்த்தால், நான்கு ஆண்டு கழித்து, 2025 முடியும்போதும், அது அந்த முதல் நாள் விலைக்குக் கீழேதான் இருந்தது. இத்தனைக்கும் விற்பனை பல மடங்கு பெருகியிருக்கிறது. வளர்ச்சி வரும் என்று நம்பியவர்களின் கணிப்பு தவறவில்லை. அதற்குக் கொடுத்த விலைதான் தவறு. ஆகவே விலை சரிதானா என்று பார்க்க ஒரு முரட்டுக் கணக்கு போதும். ஆர்டரில் மிஞ்சும் தொகையை, ஐந்து ஆண்டில் எட்டக்கூடும் என்று நாம் நியாயமாக நம்பும் ஆர்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, நிலையான செலவைக் கழித்து, அந்த லாபத்தைப் போல இன்றைய மொத்த மதிப்பு எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் லாபத்துக்கே நாற்பது, ஐம்பது மடங்கு என்றால், நமக்கென்று அதில் எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை.

இந்த விலையை நிர்ணயிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பேடிஎம் திரட்டிய 18,300 கோடியில் 10,000 கோடி நிறுவனத்துக்குள் போகவே இல்லை. ஏற்கெனவே முதலீடு செய்தவர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் வந்த ஸ்விகியின் 11,327 கோடியிலும் 6,828 கோடி அப்படித்தான். ‘ஆஃபர் ஃபார் சேல்’ என்று இதைச் சொல்வார்கள். விற்பதில் குற்றமில்லை, பத்தாண்டு காத்திருந்தவர் பணத்தை எடுக்கத்தான் செய்வார். ஆனால் நிறுவனத்தை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர், தனக்குத் தோதான நாளையும் விலையையும் தேர்ந்தெடுத்து விற்கிறார். எதிரே, விளம்பரத்தையும் வாட்ஸ்அப் செய்தியையும் படித்துவிட்டு வந்த ஒருவர் வாங்குகிறார். இருவர் கையில் இருக்கும் தகவலும் ஒன்றல்ல. செபியின் விதியிலேயே இதற்கு ஓர் அடையாளம் ஒளிந்திருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக 15 கோடி ரூபாய் இயக்க லாபம் போன்ற தகுதிகள் இல்லாத நிறுவனம் ஐ.பி.ஓ.வுக்கு வந்தால், 75 சதவீதத்தைப் பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கே ஒதுக்க வேண்டும். சில்லறை முதலீட்டாளருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கிடையாது. வழக்கமான வெளியீட்டில் இது 35 சதவீதம். ஆகவே விண்ணப்பப் படிவத்தில் சில்லறை ஒதுக்கீடு பத்து சதவீதம் என்று கண்டால், ஒழுங்குமுறை அமைப்பே சிறியவர்களை ஓரடி தள்ளி நிற்கச் சொல்கிறது என்று பொருள்.

தள்ளி நின்றால் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோமே என்பதுதான் எல்லோரும் எழுப்பும் மறுப்பு. சொமேட்டோவை வைத்தே சொல்வார்கள்: 76 ரூபாய்க்கு வந்தது, 2024 டிசம்பரில் 300 ரூபாயைத் தொட்டது, சென்செக்ஸிலும் நுழைந்தது, தயங்கியவர் கோட்டை விட்டார் என்று. உண்மையில் நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். 2021 ஜூலை 23 அன்று 115 ரூபாயில் பட்டியலாகி அன்றே 126 ரூபாயை ஒட்டி முடிந்தது. சரியாக ஓராண்டு கழித்து, பழைய முதலீட்டாளர்களின் பங்குகளுக்கு இருந்த லாக்-இன் முடிந்தது. மொத்தப் பங்குகளில் 78 சதவீதம், 613 கோடிப் பங்குகள், ஒரே நாளில் விற்கத் தகுதி பெற்றன. அந்த வாரத்தில் விலை 41 ரூபாய்க்கும் கீழே போனது. பிளிங்கிட் என்ற விரைவு டெலிவரி நிறுவனத்தை வாங்கியதில் சந்தைக்கு இருந்த சந்தேகமும் அதில் சேர்ந்துகொண்டது. பிறகு 2023 ஆகஸ்ட் 3 அன்று முதன்முறையாகக் காலாண்டு லாபம் அறிவித்தது. வெறும் 2 கோடி. அன்றைக்கும் மறுநாளும் அந்தப் பங்கு 100 ரூபாய்க்குக் கீழேயே கிடைத்தது. இரண்டு ஆண்டு முழுசாகக் காத்திருந்து, லாபத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்கியவர், பட்டியலான நாளில் சந்தையில் வாங்கியவரைவிடக் குறைந்த விலையில் வாங்கினார். பஸ் போய்விடவில்லை, நிறுத்தத்திலேயே நின்றிருந்தது.

அமேசானிலும் இதே வடிவம்தான். 1999 டிசம்பரில் நூறு டாலரைத் தாண்டியிருந்த பங்கு, 2001 இலையுதிர் காலத்தில் ஆறு டாலருக்குக் கீழே வந்தது. 2002 ஜனவரியில் முதல் காலாண்டு லாபமாக 50 லட்சம் டாலரை அறிவித்தபோதும் அதன் விலை உச்சத்தின் ஒரு சிறு பகுதிதான். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். காத்திருந்தால் இழப்பு வரும் இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது: கூகுள் 2004 ஆகஸ்டில் 85 டாலருக்குப் பட்டியலாகி, ஐந்தே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஆனால் கூகுள் பட்டியலாகும்போதே கொழுத்த லாபத்தில் இருந்தது. ஒரு தேடலுக்கு என்ன செலவு, ஒரு விளம்பரச் சொடுக்குக்கு என்ன வரவு என்பது அன்றைக்கே தெளிவாக இருந்த நிறுவனம் அது. விடை முன்கூட்டியே கையில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். விடை இல்லாத இடத்தில்தான் காத்திருப்பு.

பட்டியலாகும் நாளிலேயே விற்று லாபம் பார்ப்பதுதான் நோக்கம் என்பவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை வந்த 144 ஐ.பி.ஓ.க்களைச் செபி ஆராய்ந்து 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த பங்குகளில் மதிப்பின்படி பாதியை ஒரு வாரத்துக்குள்ளேயே விற்றிருக்கிறார்கள். அது அலாட்மென்ட் குலுக்கலில் விழுந்தால் கிடைக்கும் ஒரு தொகை. அதற்கு நிறுவனத்தைப் பற்றித் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. வருத்தம் என்னவென்றால், பலர் ஒரு வாரத்தில் விற்க நினைத்து வாங்கி, விலை இறங்கியதும் ‘நீண்ட கால முதலீடு’ என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். பேடிஎம்மில் இப்படி மாட்டியவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

தொழிற்சாலையும் முதல் நாலைந்து ஆண்டு நஷ்டத்தில்தானே ஓடுகிறது, இணைய நிறுவனத்தை மட்டும் ஏன் கடிந்துகொள்ள வேண்டும் என்ற மறுப்பு கனமானது. தேர்வாய் கண்டிகையில் டயர் ஆலை எழுப்புகிறவரும் முதலில் கொட்டத்தான் வேண்டும். இதை ஏற்கிறேன், நஷ்டத்தின் மொத்தத் தொகையைவிட அதன் தன்மையே முக்கியம் என்று சொல்வதும் அதனால்தான். கிடங்கும் மென்பொருளும் கட்ட ஆகும் நஷ்டம், அளவு கூடக் கூடக் கரையும். விற்கும் ஒவ்வொரு பொருளிலும் கையைக் கடிக்கும் நஷ்டம், அளவோடு சேர்ந்து வளரும். கூரியர் நிறுவனமான டெல்லிவெரி 2022 மே மாதம் 487 ரூபாய்க்குப் பட்டியலாகி, அந்த நிதியாண்டில் ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 162 கோடி லாபத்துக்குத் திரும்பியது. வலைப்பின்னல் கட்டிய செலவு கரைந்ததற்கு அது சான்று. ஆனால் அதற்கும் ஒரு பாடம் காத்திருந்தது. இணைய விற்பனைத் தளமான மீஷோ போன்ற பெரிய வாடிக்கையாளர் தன் பார்சல்களைத் தானே ஏற்பாடு செய்து அனுப்பத் தொடங்கியதும், கூரியர் நிறுவனங்களின் ஆர்டர் சுருங்கியது. ஒரே பெரிய கம்பெனியின் ஜாப் ஒர்க்கை நம்பி மெஷின் இறக்கியவர்களுக்கு இந்த ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. ப்ராஸ்பெக்டஸில் ‘ஆபத்துக் காரணிகள்’ என்ற பகுதியில், முதல் ஐந்து வாடிக்கையாளர்களிடமிருந்து வருவாயில் எத்தனை சதவீதம் வருகிறது என்ற வரியை அவர்கள்தாம் மற்றவர்களைவிட நன்றாகப் படிப்பார்கள்.

நானூறு, ஐநூறு பக்க ஆங்கில ஆவணத்தை ஷிஃப்ட் வேலை செய்கிறவர் படிக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. இதில் அமைப்பின் மீதே எனக்குக் குறை உண்டு. ஐ.பி.ஓ. விவரங்களைக் காணொலியாகத் தர வேண்டும் என்று செபி 2024-இல் கட்டாயமாக்கியது, ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழில் விளம்பரம் செய்து தமிழரிடம் பணம் வாங்குகிற நிறுவனம், ஆபத்துகளையும் தமிழில் சொல்ல வேண்டாமா? அது வரும் வரை, மூன்று இடங்களை மட்டுமாவது தெரிந்தவர் ஒருவரை வைத்துப் படித்துக்கொள்ளலாம். வெளியீட்டின் நோக்கங்கள் என்ற பகுதி பணம் எங்கே போகிறது என்று சொல்லும். விலைக்கான அடிப்படை என்ற பகுதியில், சமீபத்தில் பங்கு வாங்கியவர்கள் சராசரியாக என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் நிறுவனத்தின் முக்கிய அளவுகோல்களும் இருக்கும். மூன்றாவது, ஆபத்துக் காரணிகள். அதற்கும் நேரமில்லை என்பவர் தனிப் பங்கை விட்டுவிட்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை கட்டிவிட்டுப் போகலாம். பி.எஃப். பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ ஐ.பி.ஓ.வுக்குப் பணம் கட்டுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

2025 டிசம்பர் 10 அன்று 111 ரூபாய்க்கு வந்து 160 ரூபாய்க்கு மேல் பட்டியலான மீஷோவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அதன் நஷ்டம் 3,942 கோடி என்று தலைப்புச் செய்திகள் அலறின. அதில் பெரும்பகுதி, அமெரிக்காவில் பதிவாகியிருந்த நிறுவனத்தை இந்தியாவுக்கு மாற்றியதற்கான வரியும் அதையொட்டிய ஒரு முறைச் செலவுகளும். சிறப்புச் செலவையும் வரியையும் ஒதுக்கினால் நஷ்டம் நூறு கோடியை ஒட்டித்தான். ஆகவே தலைப்பு எண்ணைக் கண்டு ஓட வேண்டாம். அதே சமயம் அதன் வாடிக்கையாளர்கள் விலை பார்த்து வாங்குகிற சிறு ஊர்க்காரர்கள், பெரும்பகுதி கேஷ் ஆன் டெலிவரி, விற்பவரிடம் கமிஷன் இல்லை. வருமானம் விளம்பரத்திலிருந்தும் பார்சல் அனுப்புவதிலிருந்தும்தான் வர வேண்டும். மேலே போட்ட குர்த்திக் கணக்கில் எந்தெந்த எண் அசைந்தால் லாபம், எது அசைந்தால் நஷ்டம் என்று பார்த்தோமோ, அதே எண்கள்தாம் இதற்கும் விதி எழுதும்: திரும்பி வரும் பார்சலின் விகிதம், பார்சல் ஒன்றின் செலவு, ஆர்டர் ஒன்றுக்கு விளம்பர வரவு. பட்டியலான நிறுவனம் என்பதால் இனி காலாண்டுக்கு ஒரு முறை கணக்கைப் பொதுவெளியில் வைத்தாக வேண்டும். ஐ.பி.ஓ.வுக்கு முந்தைய முதலீட்டாளர்களின் ஆறு மாத லாக்-இன் 2026 ஜூனில் முடிவதாகக் கணக்கு. அதற்குள் இரண்டு காலாண்டுகளின் எண்களாவது கைக்கு வந்திருக்கும். அந்த எண்களில் பார்சலுக்கு மிச்சம் கூடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்க நினைப்பவருக்கு, அன்றைக்கும் அந்தப் பங்கு சந்தையில் கிடைக்கும்.